பெயிண்ட் டின்னைத் திறக்கும் முன்

போரில் பிடிபட்ட டாங்குகளைப் பராமரிக்கும் ராணுவ நிலைய அதிகாரிகளுக்கும், நகராட்சி, மாநகராட்சிப் பொறியாளர்களுக்கும், வாசலில் ஒரு டாங்கை நிறுத்தி வைத்திருக்கும் பள்ளி, கல்லூரி நிர்வாகிகளுக்கும் ஒரு திறந்த மடல்.

வணக்கம்.

31 வருடம் ஆவடியில் டாங்க் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஃபிட்டர் நான். எழுதுவது என் தொழில் இல்லை. ஓட்டை அடைக்கப் பூசும் அரை கிலோ பட்டிதான் என்னை இந்த மடலை எழுத வைத்தது.

போன வருடம் ஜனவரியில் மகள் வீட்டுக்கு வடக்கே போயிருந்தேன். ஊர்ப் பெயர் வேண்டாம், அந்த ஓர் ஊரோடு முடிகிற விஷயம் இல்லை இது. காலை நடை போன இடத்தில், ஒரு சந்திப்பில் மேடை கட்டி பாகிஸ்தான் ராணுவத்தின் பாட்டன் என்ற அமெரிக்க டாங்க் ஒன்றை ஏற்றி வைத்திருந்தார்கள். 1965 போரில் பிடிபட்டது என்றது பலகை. குடியரசு நாளுக்காக இரண்டு பேர் அதற்குப் பெயிண்ட் வேலை பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் ஏணியில் நின்று டரட்டை, அதாவது பீரங்கி பொருத்திய மேல்கூட்டை, உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டிருந்தார். இன்னொருவருக்கு இருபது வயது இருந்தால் அதிகம். பக்கவாட்டில் குந்தி உட்கார்ந்து, கார் டிங்கரிங் கடையில் பூசுவார்களே அதே பட்டியைத் தகட்டில் அள்ளி ஒரு துளைக்குள் அப்பிக்கொண்டிருந்தார்.

இரண்டு விரல் நுழையும் அளவுத் துளை. அதைச் சுற்றி, ஈர மண்ணில் கல் விழுந்து தெறித்த மாதிரி சின்னச் சின்னக் குழிகள். பாதியை ஏற்கெனவே வழித்து மெழுகிவிட்டிருந்தார். எனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில் ஏன் அடைக்கிறாய் என்று கேட்டேன். “சாச்சா, 26ஆம் தேதி பெரியவங்க வர்றாங்க. ஓட்டையோட நின்னா நல்லாவா இருக்கும்?” என்றான். அவன் மேல் எனக்குக் கோபம் இல்லை. கார் கதவில் ஓட்டை இருந்தால் அடைப்பதுதானே அவனுக்குத் தெரிந்த தொழில்? மறுநாள் போனேன். துளை இருந்த இடமே தெரியவில்லை, பளபளவென்று பச்சை.

அந்தப் பையன் அடைத்தது எதை என்று உங்களுக்குச் சொல்ல வேண்டும்.

டாங்கைத் துளைப்பதில் இரண்டு வகை உண்டு. ஒன்று, கெட்டியான உலோகக் குண்டு. வேகத்தாலேயே இரும்பைக் குடைந்துகொண்டு உள்ளே போகும். துளை பெரிதாக இருக்கும், விளிம்பு உதடு போல மடிந்து நிற்கும். சாய்வாகப் பட்டால் உள்ளே போகாமல் வழுக்கிவிடும், வெண்ணெயை விரலால் வழித்த மாதிரி நீளமாக ஒரு பள்ளம் விழும். இன்னொன்று, வெடிமருந்தைப் புனல் வடிவத்தில் அடைத்த குண்டு. மேலே பட்டதும் வெடித்து, உலோகத்தை ஊசி போல ஒரே இடத்தில் பாய்ச்சும். குண்டு எவ்வளவு பெரிதாக இருந்தாலும் துளை சின்னதுதான். சுற்றிலும் தெறிப்புக் குழிகள் இருக்கும். நான் பார்த்தது இந்த இரண்டாவது வகை.

இனி 1965க்கு வாருங்கள். செப்டம்பர் 8 முதல் 10 வரை, பஞ்சாபில் கேம்கரனுக்குப் பக்கத்தில் அசல் உத்தர் கிராமத்தைச் சுற்றி நடந்த சண்டை. பாகிஸ்தானின் 1ஆவது கவச டிவிஷன் எம்47, எம்48 பாட்டன்களோடு வந்தது. 1954க்குப் பிறகு அமெரிக்க ராணுவ உதவியாக வந்த வண்டிகள் அவை, 90 மி.மீ. பீரங்கி. எதிரே நம்முடைய 4ஆவது மலை டிவிஷனும், பிரிகேடியர் தாமஸ் கிருஷ்ணன் தியோகராஜ் தலைமையில் 2ஆவது தனிக் கவசப் பிரிகேடும். அந்தப் பிரிகேடில் பாட்டனோடு நேருக்கு நேர் நிற்கத் தக்கது சென்சூரியன் டாங்குகள் வைத்திருந்த 3 கேவல்ரி ரெஜிமெண்ட் மட்டும்தான். டெக்கான் ஹார்ஸ் ரெஜிமெண்டிடம் இருந்தவை இரண்டாம் உலகப்போர்க் காலத்து ஷெர்மன்கள், 8 கேவல்ரியிடம் இருந்தவை எடை குறைந்த ஏஎம்எக்ஸ்-13கள். கரும்புக் கொல்லைகளுக்குள் இவர்கள் குதிரை லாட வடிவில் காத்திருந்தார்கள். வாய்க்கால் தண்ணீரை வயலுக்குள் திருப்பிவிட்டிருந்தார்கள். 45 டன் பாட்டன் சேற்றில் இறங்கினால் என்ன ஆகும் என்று ட்ராக்டர் ஓட்டும் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். பாகிஸ்தான் இழந்த டாங்குகள் 97 என்பது இந்தியத் தரப்புக் கணக்கு. பிடிபட்டவற்றைப் பிக்கிவிண்டில் வரிசையாக நிறுத்தினார்கள், அந்த இடத்துக்குப் ‘பாட்டன் நகர்’ என்றே பெயர் வந்தது. அங்கிருந்துதான் கன்டோன்மென்ட் வாசல்களுக்கும் மைதானங்களுக்கும் சாலைச் சந்திப்புகளுக்கும் இவை பிரிந்து போயின.

இதே சண்டையில்தான் 4 கிரெனேடியர்ஸின் ஹவில்தார் அப்துல் ஹமீது, ஜீப்பில் ஏற்றிய ஆர்.சி.எல். பீரங்கியால் (சுடும்போது பின்னுதைப்பு இல்லாதது) டாங்குகளை அடித்துச் செப்டம்பர் 10 அன்று உயிரை விட்டார். பரம் வீர் சக்கரம் பெற்றவர். அவர் அடித்தது எத்தனை டாங்க் என்பது நூலுக்கு நூல் மாறுகிறது. அவர் கையாண்ட 106 மி.மீ. ஆர்.சி.எல். எந்த வகைக் குண்டைச் சுடும் தெரியுமா? புனல் வடிவ வெடிமருந்துக் குண்டு. சென்சூரியனின் 20 பவுண்டர் பீரங்கி டாங்கை அடிக்கச் சுடுவது கெட்டிக் குண்டு.

ஆக, அந்தத் துளை ஒரு சாட்சி. அதை வைத்து இன்னார்தான் சுட்டார் என்று சொல்லிவிட முடியாது. ஆர்.சி.எல். வைத்திருந்தவர் அப்துல் ஹமீது மட்டும் இல்லை. போருக்குப் பிறகு யாராவது சுடுதளத்தில் வைத்துச் சுட்டுப் பார்த்த துளையாகவும் அது இருக்கலாம். ஆனால் ‘இந்த டாங்கை அடித்தது ஜீப்பா, டாங்கா’ என்ற கேள்விக்கு அந்த இரும்பில் ஒரு விடை இருந்தது. அரை கிலோ பட்டி அதை மூடிவிட்டது.

துளை மட்டும் இல்லை. எரிந்த டாங்க் வேறு, சேற்றில் மாட்டி விட்டுவிட்டுப் போன டாங்க் வேறு. எரிந்ததைத் தூரத்திலிருந்தே கண்டுபிடிக்கலாம். பாட்டன் நிற்பது டார்ஷன் பார் சஸ்பென்ஷனில், அதாவது முறுக்கேறும் எஃகுத் தண்டுகளின் மேல். தீயில் வெந்தால் அந்தத் தண்டுகள் பதம் இழந்துவிடும். வண்டி வயிறு தரையைத் தொடுகிற மாதிரி தணிந்து உட்கார்ந்துவிடும். ரோடு வீலின் ரப்பர் உருகிப் போயிருக்கும். ரப்பர் முழுசாக இருந்து வண்டி நிமிர்ந்தும் நின்றால், உள்ளே இருந்தவர்கள் பெரும்பாலும் இறங்கி ஓடியிருப்பார்கள் என்று கொள்ளலாம். பலகையில் இரண்டுக்கும் ஒரே வாசகம்தான்: ‘பிடிபட்ட பாட்டன் டாங்க்’. எம்48 என்றால் நாலு பேர், எம்47 என்றால் ஐந்து பேர் உள்ளே இருந்திருப்பார்கள். எரிந்து தணிந்த வண்டி அவர்களில் யாருக்கோ சுடுகாடாகவும் இருந்திருக்கலாம். எதிரி நாட்டுக்காரர்கள்தான். ஆனாலும் அதன் மேல் ஏறிப் பிள்ளைகள் செல்ஃபி எடுக்கும்போது அந்த வேறுபாட்டைப் பலகை சொல்ல வேண்டாமா?

எம்47ஆ, எம்48ஆ என்பதையே தப்பாக எழுதிய பலகையை நான் பார்த்திருக்கிறேன். ஹல்லின், அதாவது வண்டி உடலின், முன்பக்கம் வலது ஓரத்தில் மெஷின் கன்னுக்கான உருண்டைக் குமிழ் இருந்தால் எம்47. முன்பக்கம் படகின் முனை போல ஒரே வார்ப்பாக வழவழவென்று இருந்தால் எம்48. பத்து வயதுப் பையனுக்குச் சொல்லிக்கொடுத்தால் அவன் பார்த்துச் சொல்லிவிடுவான். (எங்கள் தெருப் பெரியவர் ஒருவர் 65இல் பேப்பர் படித்துவிட்டு, “பாட்டன்னு பேர் வச்சா வயசானதாத்தான் இருக்கும், அதான் சேத்துல மாட்டிக்கிச்சு” என்பாராம். அது ஓர் அமெரிக்க ஜெனரலின் பெயர் என்று கடைசிவரை அவரிடம் யாரும் சொல்லவில்லை.)

பெயிண்டே அழிக்கும் விஷயம் இன்னொன்று உண்டு. வருடத்துக்கு ஒரு கோட் என்றாலும் 60 வருடத்தில் எத்தனை கோட் ஏறியிருக்கும்? டரட்டை வார்த்த ஆலையின் குறி, வார்ப்பு எண் எல்லாம் புடைப்பு எழுத்தாக இரும்பிலேயே நிற்கும். எனாமல் ஏற ஏற அந்த எழுத்தின் ஓரங்கள் மழுங்கி, வெறும் மேடாகத் தெரிகிறது. அதற்கும் கீழே பாகிஸ்தான் ராணுவம் எழுதிய வண்டி எண், ரெஜிமெண்ட் குறி. அதற்கும் கீழே அமெரிக்கக் கிடங்கில் அடித்த ஸ்டென்சில் கூட இருக்கலாம். வண்டி எண் கிடைத்தால் படைப்பிரிவு தெரியும். படைப்பிரிவு தெரிந்தால், எந்த நாள் எந்த வயலில் என்ற இடத்துக்குப் பக்கத்தில் போய்விடலாம்.

இதைக் கேட்டு ஆர்வமாகி, யாராவது சாண்ட் பிளாஸ்டிங் மெஷினைக் கொண்டுவந்துவிடக் கூடாது என்பதுதான் என் பயம். கும்பாபிஷேகம் என்று சொல்லிக் கோயில் சுவர்களில் மணலைப் பீய்ச்சி அடித்து, ராஜராஜன் காலத்தைத் தாண்டி வந்த எழுத்துகளை மழுங்கடித்த கதையை நம் ஊரில் பார்த்துவிட்டோம். கல்வெட்டுக்காரர்கள் என்ன செய்கிறார்கள்? சுவரைக் கழுவி, ஈரத்தாளை ஒட்டித் தட்டி, மை ஒற்றிப் படி எடுக்கிறார்கள். டாங்குக்கும் அதே மரியாதைதான் வேண்டும். கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு சதுரம் போதும். மெல்லிய பிளேடால் ஒரு கோட், அடுத்து ஒரு கோட் என்று மாடிப்படி போல இறக்கிக்கொண்டே போய் நிறங்களைப் படம் எடுக்க வேண்டும். வண்டி எண் இருக்கக்கூடிய இடங்களில் மட்டும் அதைக் கொஞ்சம் அகலப்படுத்த வேண்டும். வார்ப்பு எழுத்துக்கு மெல்லிய தாளும் பென்சிலும் போதும். சின்ன வயதில் நாலணா மேல் தாள் வைத்துத் தேய்ப்போமே, அதேதான்.

இந்த மாதிரித் தேடலால் என்ன கிடைக்கும் என்று கேட்கலாம். இங்கிலாந்தில் பாவிங்டன் டாங்க் மியூசியத்தில் ஜெர்மன் ராணுவத்தின் டைகர் டாங்க் ஒன்று இருக்கிறது, எண் 131. 1943 ஏப்ரலில் துனீசியாவில் பிரிட்டிஷ் படை பிடித்தது. பல வருடம் உழைத்து ஓடும் நிலைக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். உலகத்திலேயே அதிகமாகப் படம் எடுக்கப்பட்ட டாங்குகளில் ஒன்று. அப்படிப்பட்ட வண்டியே எந்த இடத்தில், எந்தச் சண்டையில் பிடிபட்டது என்பதைப் பல பத்தாண்டுகள் தப்பாகவே சொல்லி வந்தார்கள். அந்தப் போரில் இருந்த ஒரு சிப்பாயின் மகன் மியூசியத்துக்கு வந்து, அப்பா சொன்ன கதையும் இந்த வண்டி மேல் இருக்கும் தழும்பும் ஒத்துப்போவதைக் கவனித்துத் தேடத் தொடங்கினார். கடைசியில் மியூசியமே தன் வரலாற்றைத் திருத்திக்கொண்டது. ஓடுகிற அளவுக்குச் சீர்செய்தவர்கள், பீரங்கியின் அடிக்கவசத்தில் குண்டு பட்ட தழும்பை மட்டும் அப்படியே விட்டிருந்தார்கள். அதையும் பட்டி பார்த்து மெழுகியிருந்தால் அந்த மகன் எதைப் பார்த்திருப்பார்?

நம் நாட்டிலேயே நல்ல உதாரணங்கள் உண்டு. நாகாலாந்தில் கோஹிமாவில் ஓர் எம்3 லீ டாங்க் இருக்கிறது. 1944 மே மாதம் ஜப்பானியரோடு நடந்த கேரிசன் குன்றுச் சண்டையில் சரிவில் சறுக்கி நின்றுபோனது. அதை யாரும் மேடைக்குத் தூக்கிக்கொண்டு போகவில்லை, விழுந்த இடத்திலேயே நினைவாக விட்டுவிட்டார்கள். அந்தச் சரிவில் டாங்க் ஏற முடியுமா என்று யாருக்கும் தோன்றும். ஏற்றினார்கள் என்பதற்கு அந்த வண்டியே பதில். அதே ஊர்ப் போர்க் கல்லறைத் தோட்டத்தில் 1,420 கல்லறைகளும், எரியூட்டப்பட்ட 917 இந்து, சீக்கிய வீரர்களின் பெயர் பொறித்த நினைவிடமும் இருக்கின்றன. பெயர்களைப் படித்துவிட்டு அந்த டாங்கைப் பார்ப்பது ஒரு மாதிரி, பார்க் பெஞ்சுக்குப் பக்கத்தில் நிற்கும் டாங்கைப் பார்ப்பது வேறு மாதிரி.

அகமத்நகர் கவசப் படைப் பள்ளியில் ‘ஃபமகுஸ்தா’ இருக்கிறது. 1971 டிசம்பர் 16 அன்று பசந்தர் சண்டையில் செகண்ட் லெப்டினன்ட் அருண் கேத்தர்பால் கடைசிவரை இறங்க மறுத்த சென்சூரியன். அதற்குப் பெயர் இருக்கிறது, கதை இருக்கிறது, அதனால் அதைத் தொட்டுக் கும்பிடுகிறவர்களும் இருப்பார்கள். பாட்டன்களுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. தோற்றவன் வண்டிக்கு எதற்குக் கதை என்று விட்டுவிட்டோம். ஆனால் அதை வீழ்த்தியவன் நம் ஆள்தானே? அவன் கதையும் சேர்ந்துதான் தொலைகிறது.

ஏ9 சாலையில் யாழ்ப்பாணம் போனவர்கள், ஆனையிறவில் சாலையோரம் நிற்கும் கவசமிட்ட புல்டோசரை நான் ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். 1991 ஜூலைச் சண்டையின் மிச்சம். அதைப் பற்றி எழுத வேண்டியவர்கள் அந்த மண்ணில் உறவுகளைப் பறிகொடுத்தவர்கள். ஆவடி ஃபிட்டர் வாய் திறக்கும் இடம் அது இல்லை.

சரி, பராமரிப்பு. இதில் எனக்கு உரிமையோடு பேச இடம் உண்டு. டாங்க் கெடுவது மழையால் இல்லை, வெளியேறாத தண்ணீரால். யாரும் உள்ளே இறங்கக் கூடாது என்று ஹாட்சுகளை, அதாவது ஆள் இறங்கும் வாய்மூடிகளை, வெல்டு வைத்து மூடிவிடுகிறீர்கள். நியாயம்தான். ஆனால் தண்ணீர் எஞ்சின் கிரில் வழியாக இறங்கிக்கொண்டேதான் இருக்கும். ஹல்லின் அடியில் தண்ணீர் வெளியேற மூடித் துளைகள் உண்டு. அவை துருப்பிடித்து இறுகிக் கிடக்கும், இல்லையென்றால் மேடைக் காங்கிரீட்டில் புதைந்திருக்கும். உள்ளே முழங்கால் அளவு தண்ணீர் நிற்கிற டாங்கை நானே பார்த்திருக்கிறேன். கை முஷ்டியால் தட்டினால் குடம் தட்டிய சத்தம் வந்தது. வெளியே பளபளப்பு, உள்ளே தொட்டித் தண்ணீர். முதலில் அந்தத் துளைகளைத் திறந்துவிடுங்கள். வெல்டு வைத்த இடத்தில் வலை போட்ட காற்றுத் துளை ஒன்று விடுங்கள். ட்ராக், அதாவது சங்கிலிப் பட்டை, நேராகக் காங்கிரீட்டில் படாமல், தண்ணீர் வடிகிற மாதிரி அடியில் முட்டுக் கொடுங்கள். இதற்கெல்லாம் ஒரு வருடப் பெயிண்ட் செலவு போதும்.

எச்சரிக்கையும் வேண்டும். பழைய செந்தூரப் பிரைமரில் ஈயம் இருக்கும். அன்று ஏணியில் நின்றவர் மூக்கில் துணி கூடக் கட்டாமல் காய்ந்த பெயிண்டைத் தேய்த்துக்கொண்டிருந்தார். அந்தக் காலத்து மீட்டர் முள்களில் இருட்டில் ஒளிர ரேடியம் பூசியிருக்க வாய்ப்பு உண்டு. ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். வெல்டு வைத்து மூடிய வண்டியை முதன்முதலாகத் திறக்கும்போது வெடிமருந்து ஆட்கள் பக்கத்தில் இல்லாமல் யாரும் கை வைக்கக் கூடாது.

நான் கேட்பது பெரிய காசு பிடிக்கும் காரியம் எதுவும் இல்லை. உங்கள் பொறுப்பில் உள்ள ஒவ்வொரு டாங்குக்கும் ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள். நாலு பக்கமும் படம், எல்லாத் துளையும் அளவோடு, எல்லா வார்ப்பு எண்ணும், எந்த வருடம் எங்கிருந்து வந்தது என்ற கடிதம் இருந்தால் அதன் நகல். எந்தத் துளையையும் அடைக்காதீர்கள். ஏற்கெனவே அடைத்திருந்தால் பட்டியை உளியால் கொத்தாமல் ஊறவைத்து எடுங்கள். பாதுகாப்பு அமைச்சகம் 2021இல் வெளியிட்ட கொள்கைப்படி, 25 வருடம் கடந்த போர் ஆவணங்களை ஆராய்ந்து தேசிய ஆவணக் காப்பகத்துக்கு மாற்ற வேண்டும். 1965 எப்போதோ அந்த எல்லையைக் கடந்துவிட்டது. ரெஜிமெண்ட்களின் போர் நாட்குறிப்பில் எந்த நாள் எங்கே எத்தனை டாங்க் என்று எழுதியிருக்கும். உங்கள் நோட்டில் ஒரு வண்டி எண் இருந்தால்தான் அதோடு ஒட்டிப் பார்க்க முடியும். இதை உள்ளூர் இன்ஜினீயரிங் கல்லூரி மாணவர்களிடம் ஒரு புராஜெக்டாகக் கொடுத்தால் சந்தோஷமாகச் செய்வார்கள். சண்டையில் இருந்தவர்களுக்கு இப்போது 80ஐ ஒட்டியோ அதற்கு மேலோ வயது. அவர்களிடம் டாங்கைக் காட்டிக் கேட்க வேண்டியதை இந்த வருடமே கேளுங்கள்.

பெயிண்டே அடிக்காதீர்கள் என்று சொல்லவில்லை. இரும்புக்குப் பெயிண்ட் வேண்டும். அடிக்கும் முன் ஒரு நாள் மட்டும் வேலையை நிறுத்தி வையுங்கள். பென்சில், டிரேசிங் தாள், டார்ச், ஸ்கேல் எல்லாம் என்னிடம் இருக்கின்றன. தமிழ்நாட்டுக்குள் என்றால் பஸ் செலவு என்னுடையது. வடக்கே என்றால் மகள் வீடு இருக்கிறது, தங்க இடம் வேண்டாம். ஏணி மட்டும் நீங்கள் தர வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஃபிட்டர் ஒருவர்,
ஆவடி.